தரை வழியே வந்த பாட்டு

1977 ஜனவரி 9, ஞாயிறு. லீல் நகரம்

இன்று மேடையில் ஒரு விபத்து. விபத்து என்றே எழுதிவைக்கிறேன். வேறு சொல் எழுதக் கை வரவில்லை.

முன்வரிசை முழுக்கப் பள்ளிக்கூடப் பெண்கள். இருபத்தாறு வயதில் இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு, மடிப்புப் பாவாடையில், "நாலு மணி" பாடினேன். பள்ளிக்கூடம் விட்டு வெளியே வரும் பெண்ணின் பாட்டு. பதினாறு வயதில் பாடியது, பத்து வருடமாக என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. பாடினேன் என்பதும் ஒரு மரியாதைக்குத்தான். இந்த மாதிரி விழாக்களில் டேப் ஓடும், நாம் வாயசைப்போம். பிரான்சில் எல்லாரும் செய்வதுதான்.

இரண்டாவது சரணத்தில் டேப் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. சுற்றினேன், கண் சிமிட்டினேன், வாயைத் திறந்து திறந்து மூடினேன். முன்வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். ரசிக்கிறார்கள் என்று நினைத்துக் கையசைத்தேன். என் தயாரிப்பாளர் வெர்னியே மேடைக்கே ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நின்றேன்.

"ஏம்மா, டேப்பு நின்னா உனக்குத் தெரியாதா? சனம் மொத்தமும் சிரிக்குது, நீ பாட்டுக்கு ஆடிக்கிட்டே இருக்கே!"

(அவர் பிரெஞ்சில்தான் கத்தினார். ஆனால் இது என் டைரி. இங்கே எல்லாரும் எங்கள் புதுச்சேரித் தமிழ்தான் பேசியாக வேண்டும்.)

விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது என்றேன். டேப் நின்றதற்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. அந்த மட்டும் தப்பித்தேன்.

ஃபிலோ அக்கா இன்று வரவில்லை, காய்ச்சல். எனக்கு உடை தைத்து, உடுத்தி, தலை வாரி, திட்டி, கூடவே குடியிருப்பவள். காரைக்கால்காரி. மேடையின் ஓரத் திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கைக்குட்டையால் விசிறிக்கொண்டே இருப்பாள். டிசம்பர் குளிரிலும் விசிறுவாள். அவள் இல்லாமல் மேடை ஏறியது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 12, புதன். பாரிஸ்

பத்திரிகையில் படம் வந்துவிட்டது. வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். மீன் கடையில் ஐஸ் மேல் கிடக்கும் கெளுத்தி இதைவிட அழகாக இருக்கும். கீழே, "மிலாவின் பாட்டு எங்கே போனது?" என்று போட்டிருக்கிறார்கள். மிலா நான்தான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அமலோற்பவம். இந்த ஊர்க்காரர்கள் வாயில் அது நுழையாது என்று வெர்னியே நடுவில் ஒரு துண்டைப் பிய்த்து, அதையும் திருகி வைத்துக்கொண்டார்.

அக்கா ரசம் வைத்தாள். அவள் இப்போதெல்லாம் எதைச் சொல்வதானாலும் என் முகத்துக்கு நேரே வந்து, வழியை மறித்துக்கொண்டு நின்றுதான் சொல்கிறாள். சந்துக்குள் மாடு நிற்கிற மாதிரி. தள்ளிப் போ என்றால் போவதில்லை. எரிச்சலாக வருகிறது.

தொலைபேசியும் இப்போது அடிப்பதே இல்லை. அக்கா திடீரென்று எழுந்து போய் எடுத்துப் பேசிவிட்டு வருவாள். அவளுக்கு மட்டும் எப்படித்தான் தெரிகிறதோ.

ஜனவரி 20, வியாழன்

வெர்னியேவின் அலுவலகம். சுற்றி வளைக்கவில்லை.

"பின்னலை வெட்டிடும்மா. உன்னோட அந்தக் குசுகுசுப் பாட்டெல்லாம் இனிமே போணியாகாது. ஊரே டிஸ்கோவுக்கு ஆடுது. உனக்கும் ஒரு டிஸ்கோ பாட்டு எழுதிவெச்சிருக்கேன். பேரு 'நெருப்புக் குதிகால்'."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஜிகினா வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு இடுப்பை ஆட்ட வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். உண்மைக் காரணம் அதில்லை. அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே எப்படிக் கேட்கும்? மெதுவான பாட்டுக்கே கிடாரிஸ்டின் விரலைப் பார்த்துத்தான் ஆரம்பிக்கிறேன்.

அவர் எழுந்து வந்து மேசை மேல் உட்கார்ந்தார். கம்பெனியுடன் என் ஒப்பந்தம் ஈஸ்டரோடு முடிகிறதாம். மார்ச் 12, சனிக்கிழமை, தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. அதில் புதுப் பாட்டு எடுபட்டால் ஒப்பந்தம் நீளும். இன்னொரு லீல் நடந்தால் அத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 27, வியாழன்

பல் டாக்டரிடம் போகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

பல் டாக்டர் இல்லை. எழுதிவிடுகிறேன். எழுதினால் உண்மையாகிவிடும் என்று இரண்டு வருடமாகப் பயந்துகொண்டிருக்கிறேன், எழுதாததால் மட்டும் என்ன பொய்யாகிவிட்டது? காது டாக்டர்.

ஒரு இரும்புக் கவையைத் தட்டிக் காதருகே பிடித்தார். ஒன்றுமில்லை. மறுபடி தட்டி, அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் வைத்தார். கோயில் மணி மாதிரி கணீரென்று தலை முழுக்கக் கேட்டது! பயத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

காதுக்குள் இருக்கும் குட்டி எலும்பு ஒன்று ஆடாமல் கெட்டிப்பட்டு வருகிறதாம். உள்ளே இருக்கும் நரம்பு நன்றாகவே இருக்கிறது, சத்தம் போகிற வாசல்தான் அடைத்துக்கொண்டிருக்கிறது, அதனால் எலும்பு வழியாகப் போனால் கேட்கும் என்றார். வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்புறம், அம்மாவுக்கு என்றேன். ஆபரேஷன் உண்டு. பெரும்பாலும் நன்றாக ஆகும், சிலருக்கு இருப்பதும் போய்விடும். ஒளிமறைவு இல்லாமல் சொன்னார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

காதில் பஞ்சு வைத்து அனுப்பியதை மறந்தே போனேன். வீட்டில் அக்கா அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, "பல்லு வலி தேவலயா?" என்று கேட்டாள். குளிருக்கு வைத்தேன் என்று நினைத்திருப்பாள். நல்ல வேளை.

ஜனவரி 28, வெள்ளி

அம்மாவின் ஞாபகமாகவே இருக்கிறது. புதுச்சேரியில், எங்கள் குருசுக்குப்பத்தில் அவளைச் செவிட்டு மேரி என்பார்கள். என்னைப் பெற்ற பிறகு காது போனது. யாரும் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். சோறு வேண்டுமா என்று கையால் கேட்பார்கள், வேண்டும் என்று தலையாட்டுவாள். ஒரு நாளைக்கு அவளுக்குக் கிடைத்த பேச்சு அதுதான். வீடு நிறைய ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, அவள் நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

பாட்டு போனால் போகட்டும் என்று கூட ஒரு நிமிடம் தோன்றுகிறது. அந்த நாற்காலியில் உட்காரத்தான் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 3, வியாழன்

வெர்னியே விடவில்லை. "ஒரு தடவ கேட்டுட்டு வேணாம்னு சொல்லு" என்று ஒலிப்பதிவுக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். எனக்குக் கேட்கப் போவதில்லை, மூன்று நிமிடம் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் போனேன். வெளியே மழை. நனைந்த செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே போனேன். பழைய பலகைத் தரை.

டேப்பைப் போட்டார்கள்.

எப்படி எழுதுவது? உள்ளங்காலில் யாரோ தட்டினார்கள். தம், தம், தம், தம். நிற்காமல், தப்பாமல், ஒரே சீராக. குதிகாலில் ஏறி, முழங்காலில் ஏறி, முதுகு வழியாகத் தலைக்குள் வந்துவிட்டது. அடுத்த தட்டு எப்போது விழும் என்று கேட்காமலே தெரிந்தது. ஒலிபெருக்கிப் பெட்டியைப் போய்த் தொட்டேன். அதன் மேல் நெற்றியை வைத்தேன். உள்ளே ஒரு பெரிய வாத்தியக் கூட்டமே இருந்தது. வயலின்கள் கூட இருந்தன! எத்தனை மாதமாயிற்று வயலின் கேட்டு?

நிமிர்ந்தபோது வெர்னியே முறைத்துக்கொண்டிருந்தார். தலைவலியா என்று கேட்டார்.

"பாடறேன்" என்றேன்.

"எத?"

"இதத்தான். நாளைக்கே பின்னல வெட்டிடறேன்."

அவருக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் அதிகமாக வந்தது. இத்தனை நாள் முரண்டு பிடித்தவள் திடீரென்று காலில் விழுந்தால் யாருக்குத்தான் வராது.

பிப்ரவரி 10, வியாழன்

குரல் பதிவு முடிந்தது. ஹெட்ஃபோனைக் காதுக்கு மேல் வைக்காமல் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டேன். முடி கலையாமல் இருக்க என்று சொன்னேன். (முடியை ஒட்ட வெட்டியாகிவிட்டது. கலைவதற்கு என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பாடகிகளின் கிறுக்குத்தனத்துக்கு இந்தத் தொழிலில் தனி மதிப்பு உண்டு.) வாய்விட்டுப் பாடினேன். வெர்னியே கண்ணாடிக்குப் பின்னால் துள்ளிக் குதித்தார். என்ன சொன்னார் என்று தெரியாது, கட்டைவிரல் தெரிந்தது.

வெளியே வந்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். நான் எல்லாவற்றுக்கும் சிரித்தேன். ஒருவன் முகம் மாறியது. சிரிக்கக்கூடாத ஏதோ ஒன்றுக்குச் சிரித்திருக்கிறேன். அக்கா குறுக்கே புகுந்து, "பாவம், அவங்கப்பாவுக்கு உடம்பு முடியலியாமே" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டேன்.

பிப்ரவரி 17, வியாழன்

ஆட்டப் பயிற்சி. உயரமான கட்டைச் செருப்பைக் கொடுத்தார்கள். அதைப் போட்டதும் தரை செத்துவிட்டது. தட்டு மேலே ஏறவே இல்லை. இரண்டு தடவை முன்னாலேயே ஆரம்பித்துத் தடுமாறினேன். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

திரும்பி வந்தால் அக்கா பயிற்சி மாஸ்டரோடு மல்லுக்கு நிற்கிறாள். "பாட்டு குதிகாலப் பத்தி. குதிகால மூடிவெச்சா சனம் எதப் பாக்கும்? வெறுங்காலோட ஆடட்டும். என் கொலுச மாட்டிவிடறேன், ஜோரா இருக்கும்." அவருக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது.

என் அதிர்ஷ்டம். அவளுக்கு இந்த மாதிரி ஃபேஷன் எல்லாம் எப்படியோ தோன்றுகிறது.

பிப்ரவரி 23, விபூதிப் புதன்

அக்கா மாதா கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பிரசங்கம் முழுக்கச் சாமியாரின் மீசைதான் பேசியது. ஆனால் ஆர்கன் வாசித்தபோது பெஞ்சு அதிர்ந்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் பாவத்துக்காக அழுகிறேன் என்று பக்கத்து அம்மாள் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

மார்ச் 7, திங்கள்

பயமாக இருக்கிறது. வேறொன்றும் எழுத இல்லை.

மார்ச் 11, வெள்ளி

ஒளிபரப்புக் கூடத்தில் ஒத்திகை. மேடையைப் பலகையால் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள், உள்ளே வெற்றிடம். பெட்டிகள் இரண்டு பக்கமும் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. தவில் தோல் மேல் நிற்கிற மாதிரி இருந்தது. ஒரு இடத்தில் கூடப் பிசகவில்லை. இயக்குநர் மதாம் புவாசோ, எதற்கும் சிரிக்காத அம்மாள், "நாளைக்கும் இப்படியே செய்" என்றாள்.

ஒரே ஒரு குறை. மூன்று பக்கமும் கண்ணாடிச் சுவர். திரையும் இல்லை, ஓரமும் இல்லை. அக்கா நிற்க இடமில்லை. அவள் அந்தக் கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி வந்து, இயக்குநரிடம் கெஞ்சிக்கூடப் பார்த்தாள். உடை மாற்றுபவளுக்கு மேடையில் என்ன வேலை என்று விரட்டிவிட்டார்கள். அவள் ஏன் அவ்வளவு வாடிப்போனாள் என்று தெரியவில்லை. தரை இருக்கும்போது எனக்கு என்ன கவலை?

மார்ச் 12, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

சாயங்காலம் ஒப்பனை முடிந்து மேடைக்கு வந்தேன். மேடை முழுக்க வெள்ளைக் கம்பளம். ஆட்டு மயிர் மாதிரி கணுக்கால் வரை புதைகிறது. அதற்கு அடியில் ரப்பர். காமிராவில் பலகை அழுக்காகத் தெரிந்ததாம், மத்தியானம் விரித்துவிட்டார்களாம்.

ஏறி நின்றேன். சரிபார்ப்பதற்காகப் பாட்டைப் போட்டார்கள். போட்டார்கள் என்பது மற்றவர்கள் தலை ஆடியதில் தெரிந்தது. என் காலுக்குக் கீழே பஞ்சு. பஞ்சுக்குக் கீழே ஒன்றுமில்லை.

எனக்கு லீல் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கும் பெண்கள் தெரிந்தார்கள். இந்தத் தடவை நாடு முழுக்கக் குலுங்கும். அதற்குப் பிறகு ஒரு டாக்டர் சொல்லுவார், ஒரு பத்திரிகை எழுதும், எல்லாரும் இரக்கப்படுவார்கள், பிறகு மெதுவாக என்னிடம் பேசுவதை நிறுத்துவார்கள். கம்பளம் வேண்டாம் என்று மதாம் புவாசோவிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். பிடிக்கவில்லை என்றேன். "பிடிக்கிறதுக்கெல்லாம் இப்ப நேரமில்ல" என்று திரும்பிக்கொண்டாள்.

வெர்னியே ஓரமாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவர் உதடு மட்டும் அசைந்தது. நான் அழவும் முடியாமல் ஓடவும் முடியாமல் நின்றேன்.

அப்போது ஃபிலோ அக்கா மேடை மேல் ஏறினாள். கையில் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோல். யாரையும் கேட்கவில்லை. நேரே நடுமேடைக்குப் போய் முழங்கால் போட்டு உட்கார்ந்து, அந்த வெள்ளைக் கம்பளத்தில் கத்தரியைச் சொருகினாள். வட்டமாக வெட்டினாள், ரப்பரோடு சேர்த்து.

மதாம் புவாசோ ஓடிவந்தாள். கத்தியிருக்க வேண்டும், கழுத்து நரம்பு புடைத்தது. அக்கா எழுந்திருக்கவே இல்லை. என் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்தது.

"அவ கொலுசு போட்டிருக்கா. இந்த மயிர்ல மாட்டிக்கிட்டு நேரடி ஒளிபரப்புல குப்புற விழுந்தா, நீங்க பதில் சொல்லுவீங்களா?"

வெட்டிய வட்டத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். வேறு கம்பளம் விரிக்க நேரமில்லை. மதாம் புவாசோ அந்த ஓட்டையை வெறித்துப் பார்த்தாள். பிறகு, அதன் மேல் ஒரு சிவப்பு விளக்கைப் போடச் சொன்னாள்.

நான் அந்த வட்டத்துக்குள் போய் நின்றேன். பலகை குளிர்ந்திருந்தது. என் கண் அக்காவைத் தேடியது, கண்ணாடிகளில் நானே நானாகத் தெரிந்தேன். எதிரே ஒருவன் கையை உயர்த்தி இறக்கினான்.

தம்.

வந்துவிட்டது. குதிகாலில் ஏறி முழங்காலுக்கு வந்து முதுகுக்கு வந்தது. வாயைத் திறந்தேன். டேப்பில் இருந்த குரலுக்கு மேலே என் சொந்தக் குரலையும் விட்டுப் பாடினேன், யாருக்கும் கேட்காது என்று தெரிந்தே. மேடை முழுக்க ஓடியாடச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் வட்டத்தை விட்டு ஒரு அடி கூட வைக்கவில்லை. நின்ற இடத்திலேயே ஆடினேன். முடிந்த உடனே என் காலுக்குக் கீழே வேறு ஒரு அதிர்வு வந்தது, ஒழுங்கில்லாமல், குமுறிக்கொண்டு. என்னவோ உடைந்துவிட்டது என்று பயந்து நிமிர்ந்தேன். சனங்கள் காலால் தரையை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே ஒரு நிருபர் தாளில் எழுதியே நீட்டினான், அவ்வளவு கூட்டம். சின்னப் பெண்களின் பாட்டிலிருந்து டிஸ்கோவுக்கு ஏன் வந்தீர்கள்? காலம் மாறிவிட்டது என்றேன். அவனும் நம்பி எழுதிக்கொண்டான்.

உடை மாற்றும் அறையில் அக்கா கம்பள வட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, எப்பலேந்து தெரியும்?"

"ரேடியோவ முழுசா முறுக்கிவெச்சிட்டு, சத்தம் கம்மியா இருக்குன்னு ஒரு நாள் என்னைத் திட்டினியே, அன்னிலேந்து. ரெண்டு வருசம் இருக்கும்."

"அப்ப அந்தக் கைக்குட்ட?"

"பின்ன என்ன, எனக்கு வேர்த்துச்சா? எப்ப ஆரம்பிக்கணும், எப்ப நிறுத்தணும்னு ஆட்டிக்கிட்டு நின்னேன். நீயும் அதப் பாத்துத்தான் பாடின. பாத்தேன்னு உனக்கே தெரியாது."

"ஏங்க்கா ஒரு வார்த்த கேக்கல?"

"உன் காது, அமலு. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்." கம்பளத்தின் மயிரை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். "லீலுக்கு மட்டும் நான் வந்திருந்தா உன்னப் பாத்து அப்படிச் சிரிச்சிருக்க மாட்டாங்க. காய்ச்சலாம் காய்ச்சல்." அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள்.

மார்ச் 13, ஞாயிறு

காலையில் தொலைபேசி அடித்திருக்கிறது. அக்கா எடுத்தாள். வெர்னியே. கம்பெனி ஒப்பந்தத்தை நீட்டிக்கிறதாம். கோடைக்கு இன்னொரு டிஸ்கோ. ஆனால் வருடக் கடைசியில், எல்லாரும் அதிரும்படி, பியானோ மட்டும் வைத்து மெதுவாக ஒரு பாட்டாம்.

பியானோவை எந்தத் தரை எனக்குக் கொண்டுவந்து தரும்?

ஈஸ்டர் முடிந்ததும் டாக்டரிடம் போகலாம் என்று அக்காவிடம் சொன்னேன். ஆபரேஷன் என்ற சொல்லை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. இருப்பதும் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். பயம் அப்படியேதான் இருக்கிறது, ஒரு துளி குறையவில்லை.

அவள் அடுப்பை அணைத்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள். ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி சுற்றி வந்து, சமையலறை வாசலை மறித்துக்கொண்டு என் எதிரே நின்றாள்.

"போனா போவட்டும். நான் பேசிக்கிட்டுத்தான் இருப்பேன்" என்றாள்.

நான் அவளைத் தள்ளிப் போகச் சொல்லவில்லை.